கிரேன்காரரின் கன்னம்

கிரேன்காரர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும் தையல்காரி மிஷினை விட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே கேட்கும். நடக்காததும் கேட்கும். ஒரு சொட்டு, நெடுநேரம் ஒன்றுமில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு முக்கல், மறுபடி இரண்டு சொட்டு. கட்டினவள் கேட்டால் பரவாயில்லை, பெற்றவள் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு.

பெற்றவள் எங்கே போவாள், அங்கேதான் இருந்தாள். இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மாமியாரின் கட்டிலும் தையல் மிஷினும், மற்றதில் அடுப்பும் இவர்கள் படுக்கையும். நடுவில் கழிப்பறை. மாமியாருக்குக் கண் மங்கிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் செவி பாம்புச் செவி.

"இன்னுமா வரல அவன்?"

"வந்துடுவார் அத்தை."

"உள்ள போனவன் குடும்பம் நடத்துறானா? மலச்சிக்கல்டி அது. அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான். வெறும் வயித்துல ஒரு சொம்பு வெந்நீர் குடுன்னு எத்தனை தடவ சொல்லிட்டேன்."

"குடுக்கறேன் அத்தை."

"கிழிச்ச. இந்த வீட்டுல தண்ணி குழாய்ல ஓடுறதோட சரி. யாரு குடிக்கிறா?"

கிழவி தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் யாரும் அவர் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை. தையல்காரி சமையல் மூலையில் திரும்பி நின்று திருட்டுத்தனமாகக் குடிப்பாள். தாகத்தோடு இருக்கிற மனுஷன் முன்னால் தொண்டை நனைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவரோ குடிக்கவே மாட்டார். குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் இந்தப் பாடு.

எல்லாம் ஒரு மழை நாளில் ஆரம்பித்தது.

அவர் ஓட்டுவது உயரமான கோபுரக் கிரேன். கட்டுகிற கட்டடத்தை விட அது உயரம். உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுதான் கேபின். காலடியிலும் கண்ணாடி. அங்கே ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறக்கம். இடையில் ஒன்றுக்கு வந்தால் பாட்டில்தான். இறங்கிப் போய் ஏறி வருவதற்குள் கீழே கலந்து வைத்த கான்கிரீட் இறுகிவிடும், மேஸ்திரி வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். காற்று பலமாக அடித்தால் மட்டும் வேலையை நிறுத்தி இறங்கச் சொல்வார்கள். அன்றைக்கு அப்படித்தான், காற்றும் தூறலுமாக இருந்தது, இறங்கினார். இரும்பு ஏணி நனைந்திருந்தது. தரைக்குக் கொஞ்சம் மேலே வரும்போது கால் வழுக்கி, குறுக்காக ஓடிய சட்டத்தின்மேல் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாக, குதிரைமேல் உட்காருவதுபோலத் தடாரென்று உட்கார்ந்துவிட்டார்.

கீழே நின்று வாக்கி டாக்கியில் 'இடது, இறக்கு, நிறுத்து' என்று சொல்லும் சிக்னல்காரர் முதலில் சிரித்தே விட்டாராம். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர்தான் கண். அந்தச் சிநேகத்தில் அவர் இவரை மச்சான் என்பார், தையல்காரியைத் தங்கச்சி என்பார். சிரித்தவர், மச்சானுடைய கால்சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஒரு எலும்பும் முறியவில்லை. சிறுநீர் இறங்கக் கொஞ்ச நாள் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். எடுத்ததும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேலே ஏறினார், இறங்கினார், வீட்டில் அம்மாவை வம்புக்கு இழுத்தார். மூன்று நான்கு மாசம் கழித்து ஒருநாள் தையல்காரியிடம், "ஏம்மா, எனக்குக் கயிறு மாதிரி போயிட்டிருந்தது. இப்ப நூல் மாதிரி போகுது," என்றார்.

"என்ன நூல்?"

"உன் மிஷின்ல மாட்டியிருக்கியே, அந்த நூல்."

அவள் சிரித்தாள். அதற்கப்புறம் பல நாள் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

அடிபட்ட இடம் உள்ளே ஆறும்போது வடு கட்டி, சிறுநீர் வருகிற குழாயை நெரிக்கிறது என்றார்கள். முதலில் ஒரு டாக்டர் மரத்துப்போகிற மருந்தைத் தடவி, சின்னதிலிருந்து பெரிசாகக் கம்பிகளை விட்டு அகலப்படுத்தினார். சில வாரம் நன்றாக இருந்தது. மறுபடி நூல். மறுபடி கம்பி. அப்புறம் இன்னொருவர் உள்ளே காமிரா வைத்த குழாயை விட்டு, வடுவைச் சின்னக் கத்தியால் கீறிவிட்டார். அது சில மாசம் தாங்கியது. அதுவும் போனது. மறுபடி கீறினார்கள். மறுபடியும். மாறி மாறி ஆஸ்பத்திரி பார்த்ததில் கடைசியாக ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். மெலிந்த உருவம், தலை நரைத்தவர், படம் போட்டுப் போட்டுச் சொல்லுவார்.

"இனிமே கீறக் கூடாதுங்க. ஒவ்வொரு கீறலும் புது வடு. ஆரம்பத்துல நகத்தளவு இருந்தது இப்ப விரல் நீளம் ஆயிடுச்சு. திறந்து பார்த்து, உங்க உள்கன்னத்துல இருந்து ஒரு பட்டை எடுத்து ஒட்டுப் போட்டுடலாம். நிலைச்சு நிற்கிற வைத்தியம் அதுதான்."

கிரேன்காரர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"கன்னத்தை வெட்டி அங்க ஒட்டுவாங்களாம். கேட்டியா கதையை."

"வெளிக்கன்னம் இல்லீங்க, உள்கன்னம். எப்பவும் ஈரத்துலயே கிடக்கிற தோலாம். அதனாலதான் அங்கயும் தாங்குமாம்."

"நாளைக்கு அது அங்க உட்கார்ந்துக்கிட்டு பேச ஆரம்பிச்சா?"

"பேசட்டும். உங்களை விட உருப்படியாப் பேசும்."

அவர் சிரித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க கத்தி வச்சா நான் அவ்வளவுதான்," என்றார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னுதானே அந்தம்மா சொன்னாங்க? கொஞ்ச நாள் தளர்ச்சி இருக்கும், திரும்பிடும்னாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும், அவங்க பொம்பள."

"நானும் பொம்பளதான். எனக்கு நீங்க வேணும், அவ்வளவுதான் தெரியும்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதை எப்போதோ பேசி, அழ வேண்டியதை அழுது முடித்திருந்தார்கள். இருந்தது ஒருவருக்கொருவர்தான். அந்த உறவில் இன்னும் ஒரு குறை சேர்வதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னொன்றும் இருந்தது. ஆபரேஷன் என்றால் மாசக்கணக்கில் மேலே ஏற முடியாது. அந்தக் கேபினில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான்.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீரை நிறுத்திவிட்டார்.

வெயில் காலத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டி அடுப்புதான். மற்ற கிரேன்காரர்கள் பெரிய கேனில் தண்ணீரோடு ஏறுவார்கள், இவர் வெறுங்கையோடு ஏறினார். சாயங்காலம் வரும்போது உதடு வெடித்து, கண் உள்ளே போய், பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ஒருநாள் ரொட்டியைக் கடித்துவிட்டு விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எச்சில் ஊறவில்லை. தையல்காரி அன்றைக்கு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புகையிலை சிக்னல்காரர் சொன்ன யோசனை. "ஒரு சிட்டிகை கன்னத்துல அடக்கிக்க மச்சான். வாய் சும்மா ஊறும். தாகமே தெரியாது. நான் எத்தனை வருஷமா போடுறேன்."

அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தையல்காரிக்கு அந்த நாற்றமே ஆகாது. முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளிய போய்த் துப்பிட்டு வாங்க," என்று விரட்டினாள். ஆனால் அன்றைக்கு அவர் ரொட்டியை முழுசாகத் தின்றார். பேச்சு குழறவில்லை. அம்மாவிடம் ஏதோ சொல்ல, கிழவி இவரை விளக்குமாற்றால் அடிக்க வந்தாள். வீடு பழையபடி இருந்தது. அதைப் பார்த்தபிறகு அவள் மூக்கைப் பொத்தவில்லை.

அப்புறம் அவளே வாங்க ஆரம்பித்தாள். கடைத்தெரு முனையில் தையல் நூல் வாங்கப் போகும்போது பக்கத்துக் கடையில் அதையும் வாங்கிக்கொள்வாள். கால்சட்டை வெட்டியதில் மிஞ்சின துணியில் சுருக்குப் பை ஒன்று தைத்து, அதில் அளவாக எடுத்துப் போட்டு, அவித்த முட்டைக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவாள். அவர் மறந்துவிட்டுப் போனால் படி இறங்கி ஓடிப்போய்க் கொடுப்பாள்.

"என்னடி அது, இப்படித் தலைதெறிக்க ஓடுற?" என்பாள் மாமியார்.

"மருந்து அத்தை."

"எதுக்கு மருந்து?"

"மலச்சிக்கலுக்கு."

அவளுக்கு அது மருந்தாகத்தான் இருந்தது. பெரிய கஷ்டத்தில் இருக்கிற மனுஷனுக்குத் தன் கையால் செய்ய முடிந்த ஒரே ஒரு காரியம். வலது கன்னம் எரிந்தால் இடது கன்னத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். டீயை ஆறவைத்துக் குடிக்க ஆரம்பித்தார், கவனித்தாள். உப்புக் கூடினால் முகத்தைச் சுளித்தார், உப்பைக் குறைத்தாள்.

கோடையின் கடைசியில் அது நடந்தது. மதியம், கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிப் பாதி வழியில் வைத்திருந்தார். கட்டடத்தின் மேல் தளத்தில் ஆட்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். சிக்னல்காரர் இதை அப்புறம் தையல்காரியிடம் சொன்னபோது கையில் வாக்கி டாக்கி இருப்பதுபோலவே வாயருகே கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"கொஞ்சம் வலது வா மச்சான்னேன். வரல. மச்சான், வலதுன்னேன். ம்னாரு. குரலே சரியில்ல. என்னாச்சுன்னேன். அடைச்சுக்கிச்சுடா, காலையில இருந்து ஒரு சொட்டு போகல, வயிறு கல்லு மாதிரி இருக்கு, குளிருதுன்னாரு. அந்த வெயில்ல குளிருதாம் தங்கச்சி. லோடை விடு, இறங்குன்னேன். ஆளுங்க கீழ நிக்கிறாங்கடா, வச்சுட்டு வரேன்னாரு. வச்சாரு. இந்தப் பக்கம் ஒரு விரக்கடை, அந்தப் பக்கம் ஒரு விரக்கடை நகரல. பூ மாதிரி வச்சாரு. அப்புறம் அவ்வளவு ஏணியும் தானே இறங்கி வந்து என் மேல சாஞ்சாரு."

ஆஸ்பத்திரியில் அடிவயிற்றில் துளை போட்டு நேரே சிறுநீர்ப்பைக்குக் குழாய் இறக்கினார்கள். பிளாஸ்டிக் பை நிரம்பி, மாற்றி, மறுபடி நிரம்பியது. படமெடுத்துப் பார்த்ததில் தேங்கித் தேங்கி இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தன. டாக்டரம்மா கட்டில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். திட்டவில்லை.

"இப்ப நாலு வழி இருக்குங்க. ஒண்ணு, மறுபடி கம்பி விட்டோ கீறியோ திறக்கறது. வேண்டாம்னு அப்பவே சொன்னேன். இரண்டு, வாழ்நாள் முழுக்க இப்படியே வயித்துல குழாயோட இருக்கறது. மூணு, கன்னத்து ஒட்டு. நாலாவது, ஒட்டும் போடாம, அடைப்புக்குப் பின்னாடி, உட்கார்ற இடத்துக்கு முன்னாடி, ஒரு வாசல் வச்சுடறது. அடைப்பு பத்திக் கவலையே இல்ல. ஆனா உட்கார்ந்துதான் போகணும்."

"பொம்பளைங்க மாதிரியா?"

"உட்கார்ந்து. அவ்வளவுதான்."

"நாலாவது வேணாம்," என்றார் கிரேன்காரர். "உயிரே போனாலும் வேணாம். நான் நின்னுக்கிட்டே போகணும்."

"அப்ப மூணாவது. சரியா?"

அவர் தையல்காரியைப் பார்த்தார். அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிந்தேதான் பார்த்தார்.

"கிழிஞ்ச கால்சட்டையை இழுத்து இழுத்துத் தச்சா என்னாகும்னு நான் உங்களுக்குக் காட்டியிருக்கேன்," என்றாள் அவள். "மறுவாரமே பக்கத்துல கிழியும். ஒட்டுத் துணி வச்சாதான் நிக்கும். இத்தனை நாள் இழுத்துத் தச்சது போதும்."

"என்னை என்னன்னு நினைச்ச, கால்சட்டைன்னா?"

"அதை விடக் கொஞ்சம் ஒசத்தி."

டாக்டரம்மாகூடச் சிரித்தார். பிறகு, "வாய்ல புண்ணு கிண்ணு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல," என்றார் அவர். அப்படித்தான் நினைத்திருந்தார். எரிச்சலைப் புண்ணென்று யார் நினைப்பார்கள்?

உள்ளே வடு அடங்குவதற்குச் சில வாரம் காத்திருக்கச் சொல்லி, வயிற்றுக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சில வாரம்தான் அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்த காலம் என்று சொல்ல வேண்டும். குழாய் வழியாகத் தானாக இறங்கியது, முக்க வேண்டாம். அவர் தண்ணீர் குடித்தார். சொம்பை அண்ணாந்து பிடித்து, கழுத்தில் வழிய, குழந்தை மாதிரிக் குடித்தார். தையல்காரியும் அவர் எதிரிலேயே குடித்தாள். காலோடு கட்டியிருந்த பையைக் கிழவி தடவிப் பார்த்துவிட்டாள்.

"என்னடா இது, தொளதொளன்னு?"

"கிரேன்ல புதுசாக் குடுத்திருக்காங்கம்மா. தண்ணிப் பை."

"வெதுவெதுன்னு இருக்கு?"

"வெந்நீர்ம்மா. நீதானே குடிக்கச் சொன்ன."

தையல்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக வந்து எத்தனை காலமாகிவிட்டது.

சும்மா உட்கார முடியாமல் அவர் அவளுக்குப் பட்டன் கோத்துக் கொடுத்தார், நூல்கண்டு பிடித்தார். சிக்னல்காரர் வந்து, "தற்காலிகமாத்தான் வேற ஆள் போட்டிருக்காங்க மச்சான். லோடு வைக்கிறானா, மூட்டையைத் தூக்கிப் போடுறானான்னே தெரியல. சீக்கிரம் வந்து சேரு," என்றார். அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை அவள் மிஷினில் ஊசி கோத்தபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். கன்னத்தை எடுத்த இடம் சீக்கிரம் ஆறிவிடுமாம், கொஞ்ச நாள் கூழாகக் குடித்தால் போதுமாம் என்று அவரே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். எங்கே ஒட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்கள் பல் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போகாததால் புகையிலையும் அநேகமாக நின்றுவிட்டது. சுருக்குப் பையை அவள் துவைத்து, மடித்து, வெட்டுத்துணி மூட்டைக்குள் போட்டுவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளையடித்த நீளமான அறை. ஜன்னலுக்கு வெளியே யாரோ போர்வைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்து, "ஆ காட்டுங்க," என்றார்.

அவர் காட்டினார். டாக்டரம்மா கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். மறுபடி முதல் பக்கம்.

தையல்காரி கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவளுக்கும் தெரிந்தது. இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்தவள், அவர் வாய்க்குள்ளே வெளிச்சம் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. ரோஜா நிறமாக இருக்க வேண்டிய இடம் வெள்ளை வெள்ளையாகத் தடித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துத் தீய்ந்துபோன துணி போலக் கிடந்தது. இரண்டு கன்னமும். நாக்குக்கு அடியிலும். தீய்ந்த துணியை யாரும் ஒட்டுக்கு வெட்டமாட்டார்கள். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"புகையிலை எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"கொஞ்ச நாள் மாதிரி தெரியலையே. ஏன் போட்டீங்க?"

"தாகத்துக்கு."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். "யாராவது வீட்டுல சொல்லியிருக்கலாமே," என்றார். கேள்வியாகக்கூட இல்லை, சும்மா சொன்னார்.

"வீட்டுக்குத் தெரியாது," என்றார் கிரேன்காரர். "நானாத்தான் வாங்கினேன். ஒளிச்சு வச்சுப் போட்டேன். அவ பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டா."

தையல்காரி வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

கன்னத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். சோதனையில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது, அந்தமட்டில் ஆண்டவன் புண்ணியம். ஆனால் அந்தத் தோலை ஒட்டுக்கு எடுக்க முடியாது, புகையிலையை இனி தொடக் கூடாது, வாயைத் தவறாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

"வேற எடத்துத் தோலு?" என்று கேட்டார் அவர். "கை, கால், முதுகு, எங்க வேணும்னாலும் எடுத்துக்கங்க. காதைக்கூட எடுத்துக்கங்க."

"காதுக்குப் பின்னாடி எடுக்கறதும் உண்டுங்க. ஆனா வெளித் தோல் ஈரத்துல ஊறி ஊறி நாளாவட்டத்துல சுருங்கும். உங்களுக்கு விரல் நீளத்துக்கு வேணும். நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. மறுபடி அடைச்சா உங்க கிட்னி தாங்காது. அதைத்தான் சொல்றேன்."

"அப்ப நாலாவதா?"

"உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதுதான். அடைப்பு இருக்காது. தாராளமா தண்ணி குடிக்கலாம். குடும்ப வாழ்க்கைக்கும் பங்கம் வராது."

"உட்கார்ந்து."

"ஆமா."

"கேபின்ல அதுக்கு இடம் கிடையாதுங்க," என்றார் அவர், ஏதோ டாக்டரம்மாவுக்கு வழி சொல்கிறவர் போல, பொறுமையாக. "ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் லீவரு. அவ்வளவுதான் இருக்கும். நின்னா தலை இடிக்கும். ஒரு ஓரமா நின்னு பாட்டிலப் பிடிச்சுக்கலாம். வேற எதுவும் முடியாது."

கிரேன்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையில் லீவர் பிடித்துக் காய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

போட்டார். சாட்சிக்கு அவளையும் போடச் சொன்னார்கள், அவளும் போட்டாள். டாக்டரம்மா அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

அறையில் மற்றக் கட்டில்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம். ஆயா வந்து இவருக்கும் ரொட்டியும் சூப்பும் வைத்துவிட்டுப் போனாள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. தையல்காரி முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்?"

"எனக்குத் தெரியாதுன்னு."

அவர் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் போட்டார். தின்னவில்லை.

"தெரியும்னு சொன்னா அந்தம்மா திரும்பி உன்னை ஒரு பார்வை பார்த்திருப்பாங்க. அதை நான் பார்க்கணுமா?"

"பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க. நான்தானே வாங்கினேன். என் கையால எடுத்துப் போட்டேன். இந்தக் கன்னம் எரியுதுன்னீங்க, அந்தக் கன்னத்துல வச்சுக்கங்கன்னேன். ஒரு பக்கமாவது மிச்சமிருந்திருக்கும். அதையும் நான்தான்..."

"சரி விடு."

"விட முடியல. ஒரு வார்த்தை திட்டிடுங்க. நல்லாத் திட்டுங்க. உங்க அம்மா திட்டுவாங்களே, அப்படி."

"எங்க அம்மா மாதிரி எனக்கு வராது."

"சிரிக்காதீங்க. திட்டுங்க. இல்ல, ஒரு அறை விடுங்க. எனக்குத் தாங்கல."

அவர் உண்மையில் சிரிக்கவில்லை. வாய் ஓரம் மட்டும் அப்படிக் கோணியது. எரிந்திருக்கும். சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப் போயிருந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"திட்டிட்டா உனக்கு இறங்கிடும்மா," என்றார் மெதுவாக. "எனக்கு? ஏணி போச்சு. மேல இருந்து பார்த்தா ஊரே தெரியும், அது போச்சு. எல்லாரும் நிக்கிற இடத்துல நிக்கறதும் போச்சு. எனக்குன்னு மிச்சமிருக்கிறது நீதான். உன்கிட்டயும் கோவிச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் போவேன், சொல்லு."

அவள் குனிந்து அவர் கையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கத் திரும்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை உருவிக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து உருவுவதுபோலத்தான். "களைப்பா இருக்கு," என்று சொல்லிவிட்டு, வயிற்றுக் குழாய் இழுபடாமல் பார்த்துப் பார்த்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டியெடுத்தாள். தட்டைக் கொண்டுபோய் வராந்தாத் தொட்டியில் கழுவினாள்.

கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் அவ்வளவு பேசினார். கோபம் இல்லை என்று மட்டும் சொல்லவே இல்லை.